புதிரில் வரவு, பலகையில் பற்று

ஒரு நாளைக்கு 30 புதிர். வருஷத்துக்கு 10,950. ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்று போட்டால் 182 மணி 30 நிமிஷம். நெல்லை வண்ணார்பேட்டையில் சாயங்கால செஸ் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இது பெரிய கணக்கில்லை. அப்பாவின் போன் கையில் கிடைத்தால் போதும். லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தின் கிடங்கில் 40 லட்சத்துக்கும் மேல் புதிர்கள் கிடக்கின்றன, அத்தனையும் இலவசம். நாளுக்கு 30 வீதம் அந்த 40 லட்சத்தைத் தீர்க்க 365 வருஷம் ஆகும்.

அதே பிள்ளை மாதம் ஒரு போட்டிக்குப் போகிறது என்று வையுங்கள். போட்டிக்கு 5 ரவுண்டு, ஆட்டத்துக்குச் சராசரியாக 40 நகர்த்தல். வருஷத்துக்கு 60 ஆட்டம், 2,400 நகர்த்தல். புதிரில் எடுத்த முடிவுகள் பலகையில் எடுத்த முடிவுகளைப்போல் நாலரை மடங்கு. இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் போட்டி ரேட்டிங் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் போட்டி நடக்கும் எந்த மண்டபத்து வாசலிலும் இந்தக் கேள்வி காதில் விழும்: “பஸில்ல 2200 காட்டுது சார், டோர்னமென்ட்ல மட்டும் ஏன் 1500-ஐத் தாண்ட மாட்டேங்கான்?”

பையனுக்குப் பயம், கவனம் இல்லை, விளையாட்டுப் புத்தி என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு வேறு கணக்குப் புத்தகங்களை ஒன்றாக வைத்துக் கூட்டுவதால் வருகிற குழப்பம் இது. முதலில் புத்தகங்களைப் பிரித்துவிடலாம்.

2200-ம் 1500-ம்

போட்டி ரேட்டிங் என்பது மனிதர்கள் மனிதர்களோடு மோதி வருகிற எண். உங்களைவிட 200 புள்ளி குறைந்தவரோடு ஆடினால் 100 ஆட்டத்தில் 76 புள்ளி எடுப்பீர்கள் என்பது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணை சொல்லும் எதிர்பார்ப்பு. 18 வயதுக்குள், 2300-க்குக் கீழே இருப்பவருக்கு, ஓர் ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் கெழு 40. சமமானவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும், 200 புள்ளி குறைந்தவரிடம் தோற்றால் 30 போகும். ஒவ்வொரு புள்ளியையும் எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையிடமிருந்து பிடுங்க வேண்டும்.

புதிர் ரேட்டிங்கில் எதிராளி புதிர்தான். நீங்கள் தீர்த்தால் புதிரின் புள்ளி இறங்கும், தவறவிட்டால் ஏறும். புதிருக்குத் தூக்கம் வராது. தோற்றுக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே நிலையைச் சிக்கலாக்காது. பல தளங்களில் கடிகாரமும் கிடையாது. ஒரு புதிருக்கு 10 நிமிஷம் யோசித்தாலும் அதே புள்ளி. ஆகவே 2200-லிருந்து 1500-ஐக் கழித்து 700 புள்ளி எங்கே போயிற்று என்று தேடுவதில் பொருளில்லை. அந்த 700 எங்கும் போகவில்லை, ஏனென்றால் அது இருந்ததே இல்லை.

போட்டி ரேட்டிங்கும் கல்லில் வெட்டினதல்ல. 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லோருடைய புள்ளியையும் ஒரே நாளில் ஏற்றியது. 2000-லிருந்து எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதம் கூடுதல். 1000-ல் இருந்தவர் 1400 ஆனார், 1500-ல் இருந்தவர் 1700 ஆனார். அன்று யாருடைய ஆட்டமும் ஒரு நகர்த்தல்கூட முன்னேறவில்லை.

இரண்டும் வேறு திறன் என்பதற்கு உலக அளவிலேயே சாட்சி உண்டு. செஸ் புதிர் தீர்ப்பதற்கென்றே தனி உலக சாம்பியன் போட்டி 1977 முதல் நடக்கிறது. அதற்குத் தனி ரேட்டிங், தனி கிராண்ட்மாஸ்டர் பட்டம். போலந்தின் பியோத்ர் முர்ஜியா அதைப் பலமுறை வென்றவர். பலகை ஆட்டத்தில் அவர் கிராண்ட்மாஸ்டர் இல்லை. இங்கிலாந்தின் ஜான் நன் இரண்டு பட்டமும் பெற்றவர், புதிர் உலகப் பட்டத்தை 2004, 2007, 2010 ஆண்டுகளில் எடுத்தார். அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதே சேதி.

சொல்லிக் கேட்ட கேள்வி, சொல்லாமல் வந்த கேள்வி

புதிரின் மேலே ஒரு வரி இருக்கும்: வெள்ளை ஆடி வெல்ல வேண்டும். அந்த வரி இலவசமாகத் தரும் தகவல்களை எண்ணிப் பாருங்கள். இந்த நிலையில் ஏதோ இருக்கிறது. அது இப்போதே இருக்கிறது. அது என் பக்கம் இருக்கிறது. அதற்கு விடை ஒன்றுதான். ஆட்டத்தில் இந்த நாலையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மேல்தான் புதிரைத் தீர்க்கும் வேலை.

இதை எண்ணில் போடுவோம். கீழே உள்ளவை நான் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் பிள்ளைக்கு வேறாக இருக்கலாம். 40 நகர்த்தலில் 5 இடம் மட்டும் உண்மையான ஆபத்தோ வாய்ப்போ உள்ள இடம், மீதி 35 சாதாரணம். பிள்ளை புதிர் தீர்ப்பதில் 90 சதவீதம். ஐந்து இடத்திலும் யாரோ தோளைத் தட்டி “இங்கே பார்” என்று சொன்னால் ஐந்தையும் சரியாக ஆடும் வாய்ப்பு 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, 59 சதவீதம். மோசமில்லை.

தோளைத் தட்ட ஆளில்லை. ஆபத்து இருக்கும் இடத்தில் பாதி நேரம்தான் பிள்ளைக்குச் சந்தேகமே வருகிறது என்று வையுங்கள். இப்போது ஒவ்வொரு இடத்திலும் வாய்ப்பு 0.9-ல் பாதி, 45 சதவீதம். ஐந்து முறை பெருக்கினால் 1.8 சதவீதம். 59 எங்கே, 2 எங்கே!

முன்னேற்றத்துக்கு இரண்டு வழி. புதிர்த் திறனை 90-லிருந்து 95-க்கு ஏற்றலாம். அதற்கே ஒரு வருஷமும் இன்னொரு 10,950 புதிரும் ஆகலாம். பலன்: 1.8 சதவீதம் 2.4 ஆகும். இல்லையென்றால் புதிர்த் திறனை 90-லேயே விட்டுவிட்டு, சந்தேகம் வரும் பழக்கத்தை 50-லிருந்து 90-க்கு ஏற்றலாம். பலன்: 1.8 சதவீதம் 34.9 ஆகும். என் கட்டுரையின் சாரம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. நம் வகுப்புகள் பெரும்பாலும் முதல் வழியில் காசைப் போடுகின்றன.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டியது. ஒரு நகர்த்தலில் பெரிய பிழை செய்யாமலிருக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. பள்ளிப் பரீட்சையில் 95 வாங்கினால் தெருவுக்கே மிட்டாய். பலகையில் 40 நகர்த்தலையும் பிழையின்றிக் கடக்கும் வாய்ப்பு அதில் வெறும் 12.9 சதவீதம். 98 சதவீதமானால் 44.6. 99 ஆனால் 66.9. 99.5 ஆனால் 81.8. புதிர் பயிற்சி உங்கள் மிகச் சிறந்த நகர்த்தலை இன்னும் சிறப்பாக்குகிறது. ஆட்டமோ பெரும்பாலும் உங்கள் மிக மோசமான நகர்த்தலில் முடிகிறது.

சி7 கட்டம்

வண்ணார்பேட்டை வகுப்பு ஒன்றில் பார்த்த நிலை. வெள்ளைக் குதிரை டி5-ல் நிற்கிறது. கறுப்பு ராஜா இன்னும் இ8-ல், யானை ஏ8-ல். குதிரை சி7-க்குப் பாய்ந்தால் ராஜாவுக்குச் செக், அடுத்து யானை கைக்கு வரும். புதிர்ப் புத்தகத்தில் நூறு தடவை வருகிற ஃபோர்க். பத்து வயதுப் பையன் அதைப் பார்த்துவிட்டான். முகத்திலேயே தெரிந்தது.

கறுப்பின் முறை. கறுப்பு ராணி எச்4-ல் இருக்கிறது. எதிராளி தன் மந்திரியை இ7-லிருந்து டி6-க்கு ஒரு கட்டம் நகர்த்தினான். பையன் கையைக் கொண்டுபோய்க் குதிரையைத் தூக்கி சி7-ல் வைத்து, “செக்” என்றான். மந்திரி குதிரையை வெட்டியது. சி7-ஐ அந்த மந்திரி இப்போது பார்த்துக்கொண்டிருந்தது. குதிரை போனது மட்டுமில்லை. டி6-க்கு வந்ததிலிருந்தே மந்திரி அதே சாய்கோட்டில் எச்2 கட்டத்தையும் பார்த்தது, எதிரே ராணியும் அதே கட்டத்தைப் பார்த்தது. அடுத்த நகர்த்தலிலேயே மேட் என்ற மிரட்டல்.

பயிற்சியாளர் கேட்டார்: “ஏல, அவன் கடைசியா என்னல ஆடினான்?”

“மந்திரிய நகட்டினான் சார்.”

“எதுக்கு நகட்டினான்?”

“அதப் பாக்கல சார். சி7-ல ஃபோர்க் இருக்குன்னு முன்னாடியே பாத்து வச்சிருந்தேன்.”

பையன் புதிரைச் சரியாகத்தான் தீர்த்திருந்தான். ஒரு நகர்த்தலுக்கு முன்னால் இருந்த புதிரை. போனில் புதிர் நீங்கள் பார்க்கும் வரை அசையாமல் நிற்கும், எதிராளி அதன் விடையைக் கெடுக்க மாட்டான். 10,950 புதிரில் “எதிராளி இப்போது ஏன் இதை ஆடினான்” என்று கேட்க வேண்டிய தேவை அநேகமாக வரவே இல்லை. விடை “இங்கே ஒன்றுமில்லை, யானையை நல்ல இடத்தில் வை” என்று வந்த புதிர் எத்தனை? பூஜ்யம். 40 நகர்த்தலில் 35-க்கு அதுதான் விடை. ஒவ்வொரு நிலையிலும் பலி கொடுத்து மேட் போட ஏதோ இருக்கிறது என்று பழகிய கை, ஒன்றுமில்லாத இடத்தில் குதிரையைப் பலி கொடுக்கிறது. புதிரில் தேறிய பிள்ளைகள் போட்டியில் தோற்பதைக் கவனித்தால் பாதிப் பேர் வாய்ப்பைத் தவறவிட்டுத் தோற்பதில்லை, இல்லாத வாய்ப்பைப் பிடிக்கப் போய்த் தோற்கிறார்கள்.

116-ல் ஒன்று

பத்து வயதுப் பையனை விடுங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். 13 ஆட்டம் முடிவில் ஆளுக்கு 6.5 புள்ளி. வெள்ளைக் காய் சீனத்தின் டிங் லிரனுக்கு, கறுப்பு சென்னையின் குகேஷுக்கு. பல மணி நேரம் ஆடி, ஆளுக்கொரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் என்று பலகை காலியாகிவிட்டது. குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். டிங் தாக்குப்பிடித்தால் சமன், பிறகு டை-பிரேக்கர்.

55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். அவருடைய மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. யானைக்கு யானை வெட்டு. பிறகு குகேஷ் தன் மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்தால் மூலையில் இருக்கும் மந்திரிக்கு ஓட இடமில்லை, மந்திரிக்கு மந்திரி வெட்டு. மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும். ஒரு சிப்பாய் அதிகமாக உள்ளவர் வெல்வார். 58-ஆவது நகர்த்தலோடு டிங் ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

இந்த நிலையை “கறுப்பு ஆடி வெல்ல வேண்டும்” என்று தலைப்பிட்டு நம்மூர் வகுப்பில் வைத்தால் ஓரளவு ஆடத் தெரிந்த பிள்ளைகள் சில நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். உலக சாம்பியனாக இருந்தவர் அதற்குள் நடந்து போனார். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஆட்டம் முடிந்ததும் குகேஷே சொன்னது: யானை எஃப்2-க்கு வந்ததும் அது பிழை என்று உடனே அவருக்குப் படவில்லை, வேறு நகர்த்தல் ஆடவே கை போயிருந்தது, அதற்குள் மந்திரிக்கு ஓட இடமில்லை என்று கண்டுகொண்டார். அவரைக் காப்பாற்றியது புதிர் தீர்க்கும் வேகம் என்று நான் எழுத மாட்டேன். ஆடுவதற்கு முன் ஒரு கணம் கையை நிறுத்தி, எதிராளி வைத்த காயை மறுபடி பார்த்தாரே, அது. சி7-ல் நம் பையன் செய்யாதது அதைத்தான்.

எண்ணிக்கை இப்படி: இருவரும் சேர்ந்து 116 நகர்த்தல். புதிராகத் தகுந்த இடம் அதில் ஒன்று. அதற்கு முன் குகேஷ் 54 முறை, அதிரடி எதுவும் இல்லாத நிலைகளில், சமனை நோக்கிப் போகும் ஆட்டத்தை விடாமல் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த 54-க்குப் புதிர்ப் புத்தகத்தில் இடமில்லை.

போட்டி முழுவதிலும் குகேஷ் 3 வெற்றி, டிங் 2, சமன் 9. 14 ஆட்டத்தில் ஒன்றுகூடப் பலகையில் மேட் விழுந்து முடியவில்லை. மூன்றாவது ஆட்டம் டிங்கின் கடிகாரம் தீர்ந்ததால் முடிந்தது.

இதோடு லாஸ்லோ போல்கரின் 5,334 புதிர்ப் புத்தகத்தை வைத்துப் பாருங்கள். 1994-ல் வந்தது, நம் பயிற்சியாளர்கள் பலர் வைத்திருப்பது. அதில் ஒரு நகர்த்தலில் மேட் 306, இரண்டில் மேட் 3,412, மூன்றில் மேட் 744. கூட்டினால் 4,462, அதாவது 84 சதவீதம் மேட். நல்ல புத்தகம்தான். ஆனால் ஆட்டம் எப்படி நடக்கும் என்பதற்கு அந்த விகிதம் மாதிரியல்ல, அந்த நோக்கத்தில் அது எழுதப்படவுமில்லை.

குகேஷின் கணக்கிலும் பற்று உண்டு. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் 8 ஆட்டத்தில் 8 புள்ளி. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவுக்கு எதிராக வெல்லும் நிலை கையில் இருந்தது. கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தபோது பிழை, தோல்வி. 11 ஆட்டத்தில் 9 புள்ளியோடு முதல் பலகைத் தங்கம் குகேஷுக்குத்தான். உஸ்பெகிஸ்தான் அணி தங்கத்தோடு போனது, குகேஷ் ஆடிய இந்தியா ‘பி’ அணிக்கு வெண்கலம். 2024 ஏப்ரலில் டொரன்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடமும் நேர நெருக்கடியில் தோற்றார். அங்கே முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிஷம், கூடுதல் விநாடி கிடையாது. சராசரி 180 விநாடி.

எளிய புதிரும் பலகையில் கண்ணுக்குத் தப்பும்: 2006 நவம்பரில் பான் நகரில் அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் கணினிக்கு எதிராக ஒரே நகர்த்தலில் விழும் மேட்டைப் பார்க்காமல் ராணியை நகர்த்தினார். போல்கரின் புத்தகத்தில் முதல் 306-க்குள் வரவேண்டிய புதிர்.

விநாடிக் கணக்கு

ரேட்டிங் போட்டிகளில் வழக்கமான 90 நிமிஷம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல் என்ற முறையை எடுப்போம். 40 நகர்த்தலுக்கு 6,600 விநாடி, ஒன்றுக்கு 165. உள்ளூரில் ஒரே நாளில் முடிக்கும் ரேபிட் போட்டியில் 15 நிமிஷம், 10 விநாடி கூடுதல் என்றால் 1,300 விநாடி, ஒன்றுக்கு 32.5. போனில் ஒரு புதிருக்கு ஒரு நிமிஷம் எடுக்கும் பிள்ளைக்கு இங்கே அதில் பாதிதான். அந்தப் பாதிக்குள்ளேதான் எதிராளி ஆடியதைப் பார்ப்பது, திட்டம் போடுவது, கடிகாரத்தைக் கவனிப்பது எல்லாம்.

ஐந்து முக்கிய இடங்களுக்குத் தலா 10 நிமிஷம் செலவிடலாம் என்று வைத்தால் 3,000 விநாடி போகும். மீதி 3,600 விநாடியை 35 நகர்த்தலுக்குப் பங்கிட்டால் தலா 103. தாராளம்தான், எந்த ஐந்து என்று தெரிந்தால். பிள்ளைகள் செலவிடுவது தலைகீழ். திறப்பில் பழகிய நகர்த்தலுக்கு 5 விநாடி, பிடிக்காத நிலை வந்தால் 20 நிமிஷம் முழித்துக்கொண்டு உட்கார்வது, கடைசியில் நல்ல வாய்ப்பு வரும்போது கடிகாரத்தில் ஒன்றுமில்லை. காசு எங்கே செலவாகிறது என்று தெரியாத வீட்டுக் கணக்கு மாதிரி.

ஆட்டம் போகக்கூடிய வழிகளின் எண்ணிக்கையும் சேர்ந்துகொள்ளும். முதல் நகர்த்தலுக்கு 20 வழி. எதிராளியும் ஆடினால் 400. மூன்றாவது கைக்கு 8,902. இருவரும் இரண்டிரண்டு ஆடினால் 1,97,281. ஒரு கை கூடினால் 48,65,609. இதில் புதிர்த் தளம் தருவது எங்கிருந்தோ எடுத்த ஒரு நிலை, பெரும்பாலும் உங்கள் பிள்ளை ஒருநாளும் ஆடாத திறப்பிலிருந்து.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை 5 விநாடி காட்டி மறைத்தார்கள். மாஸ்டர் சுமார் 16 காயைச் சரியான இடத்தில் வைத்தார், நடுத்தர ஆட்டக்காரர் 8, புதியவர் 4. அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது மாஸ்டரின் ஆதிக்கம் காணாமல்போனது, மூவரும் ஒன்றுபோலச் சில காய்களையே வைத்தார்கள். திறன் கண்ணில் இல்லை, பழகிய நிலைகளின் நினைவில் இருக்கிறது. தன் ஆட்டத்தில் வராத நிலைகளிலேயே பழகினால் அங்கே சேர்ந்த நினைவு தன் ஆட்டத்துக்கு உதவுவது குறைவு.

புதிரை விட்டுவிடலாமா?

கூடாது. எதிர்ச்சாட்சியும் வலுவானது. அமெரிக்காவில் மைக்கேல் டி லா மாசா என்பவர் 1,000 புதிரை ஏழு சுற்று தீர்த்தார். முதல் சுற்று 64 நாள், பிறகு 32, 16, 8, 4, 2, கடைசிச் சுற்று ஒரே நாள். மொத்தம் 127 நாள். இரண்டு வருஷத்தில் 1321-லிருந்து 2041-க்கு ஏறினார். 400 நாளில் 400 புள்ளி என்று அவர் எழுதியதை நம்பி எத்தனையோ பேர் இறங்கினார்கள். அவர் கூடவே செய்த இன்னொன்றைப் பலர் மறந்துவிட்டார்கள்: ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசையை வைத்து அதையும் தனியே பழகினார். ஸ்வீடனின் ஹான்ஸ் டிக்கனன் 2010-ல் இதே மாதிரி மறுசுற்றுப் பயிற்சிக்குப் பிறகு ஏழு வாரத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான மூன்று தகுதிகளையும் (நார்ம்) எடுத்தார். அவர் கூட்டாக எழுதிய புத்தகத்தில் இருப்பது 1,128 புதிர்தான், 40 லட்சம் இல்லை.

சென்னையில் பிரக்ஞானந்தாவை வளர்த்த ஆர்.பி. ரமேஷ், கணக்கிடும் பயிற்சிக்கென்றே தனிப் புத்தகம் எழுதியவர். குகேஷுக்குப் பயிற்சி தந்த விஷ்ணு பிரசன்னா, 2500-ஐ நெருங்கும் வரை கணினி எஞ்சினைத் தொடவிடாமல் அவரை வளர்த்தார் என்பது தெரிந்த விஷயம். இவர்கள் தருவது போனில் வரும் ஒரு நிமிஷப் புதிர் அல்ல. எது விடை என்று யாரும் சொல்லாத நிலையில் நேரம் எடுத்து உட்கார வைப்பது.

மணிக்கணக்கு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. 2007-ல் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை வைத்து வந்த ஆய்வில் மாஸ்டர் நிலையை ஒருவர் 3,016 மணியில் எட்டினார், இன்னொருவருக்கு 23,608 மணி ஆனது. ஏறத்தாழ எட்டு மடங்கு.

இடையில் ஒரு விஷயம். செஸ் கற்றால் கணக்கு வரும் என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்ப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் 30 மணி நேரம் செஸ் கற்பித்து, ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது: கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. செஸ் புதிரே செஸ் ஆட்டத்துக்கு முழுசாகப் போய்ச் சேராதபோது, அது அல்ஜீப்ராவுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

800 ரூபாய்த் தாள்

கடைசியாகக் காசு. மதுரைக்கோ சென்னைக்கோ போய் 5 ரவுண்டு ரேட்டிங் போட்டி ஆட, நுழைவுக் கட்டணம், பஸ், தங்கல், சாப்பாடு, கூட வரும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சேர்த்து 4,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். இதுவும் கணக்குக்கு வைத்த எண்தான், பலருக்கு இதைத் தாண்டும். 200 நகர்த்தலுக்கு 4,000 என்றால் ஒரு நகர்த்தலுக்கு 20 ரூபாய். ஓர் ஆட்டத்துக்கு 800. வருஷத்துக்கு 12 போட்டி, 48,000. புதிருக்கு ஆன செலவு பூஜ்யம்.

அந்த 800 ரூபாய்க்கு வீட்டுக்கு வருவது ஸ்கோர் ஷீட். மேல்தாள் நடத்துபவர்களுக்கு, நகல் பிள்ளைக்கு. நெல்லைக்குத் திரும்பும் பஸ்ஸில் பெரும்பாலான நகல்கள் தண்ணீர் பாட்டில் ஈரத்தில் நைந்து பையின் அடியில் கிடக்கும். பிறகு யாரும் அதைப் பார்ப்பதில்லை. அன்று ராத்திரியே போனில் அடுத்த 30 புதிர்.

ரேபிட் போட்டி என்றால் அதுவும் இல்லை. அங்கே நகர்த்தலை எழுத வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்துவதில்லை. 7 ரவுண்டு ஆடினால் 280 நகர்த்தல் காற்றில் போகும். உள்ளூர் ரேபிட் போட்டிகளிலேயே வளரும் பிள்ளைக்கு வருஷக் கடைசியில் கையிருப்பு ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்த கையோடு நினைவிலிருந்து எழுதிவைப்பது நல்லது. முதல் 20 நகர்த்தல் வந்தாலே லாபம்.

60 ஸ்கோர் ஷீட்டில் ஆட்டத்துக்கு 3 இடம் என்று தேர்ந்தெடுத்தால் 180 நிலைகள். தன் திறப்பு, தன் பிழை, தான் பார்க்காமல் விட்டது. 10,950-க்கு எதிரே 180 சின்ன எண்ணாகத் தெரியும். இந்த 180-க்கு 48,000 ரூபாய் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. நான் ஒரு பிள்ளைக்கு நேரம் பங்கிட்டால் தினம் 30 புதிரை 10 ஆக்குவேன். மிச்சப்பட்ட 20 நிமிஷத்தில் இப்படி: பழைய ஆட்டங்களிலிருந்து 40 நிலைகளைத் தாளில் எடுத்து, அதில் 5-ல் மட்டும் அதிரடி இருக்கும்படி கலந்து, எது எது என்று சொல்லாமல் நாளுக்கு ஐந்தாறு வைப்பேன். ஒவ்வொன்றிலும் முதல் கேள்வி, எதிராளி கடைசியில் ஆடியது எது, எதற்காக. “ஒன்றுமில்லை” என்பதும் சரியான விடையாக இருக்கும், அதற்கும் மார்க் உண்டு. கடிகாரம் ஓடும், நிலைக்கு 165 விநாடி. ஒரு வாரத்தில் ஒரு கட்டு முடியும். செலவு, தாளுக்கும் பேனாவுக்கும் ஆவது.

எதிரே ஆள் உட்கார்ந்து ஆடும் நீண்ட ஆட்டம் வாரத்துக்கு ஒன்றாவது வேண்டும். வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் செஸ் தெரிந்த வீடுகளுக்குக் குறைவில்லை. இரண்டு பிள்ளைகள், ஒரு கடிகாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் பலகையை மறுபடி அடுக்கி எங்கே தவறினோம் என்று பேசட்டும், எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால்.

பெற்றோர்களுக்கு ஒன்று. அடுத்த போட்டிக்குக் கட்டணம் கட்டும்முன் போன போட்டியின் 5 ஸ்கோர் ஷீட்டையும் கேட்டு வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்று பதில் வந்தால் அந்த 4,000 ரூபாயைச் செலவில் எழுதிவிட்டு, அடுத்த மாதம் போட்டியைத் தள்ளிவையுங்கள்.